அணைத்த கையோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. வாகனப் பத்திரிகை ஒன்றில் 'டர்போ நீடித்து உழைக்க' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். டர்போ என்பது கார் முதுகில் ஒட்டியிருக்கும் ஒரு வார்த்தை என்ற அளவில்தான் எனக்கு ஞானம். நாலு விஷயம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். அப்போது ஒரு வேன் நீலப் புகை கக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கட்டுரை அத்தோடு குட்டிச்சுவர்.

2

தொடக்கம் ஒன்று: "வேனிலிருந்து இறங்கியவள் ஒரு தையல்காரி. வாழ்க்கையின் கிழிசலைத் தைக்க ஊசி..."

(வேண்டாம். தையல்காரி என்றதுமே ஊசியைத் தேடும் இந்தப் புத்தியை என்ன செய்வது?)

தொடக்கம் இரண்டு, நடந்தபடி: அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். வேன் அவள் கணவருடையது. அச்சகங்களுக்குக் காகிதம் ஏற்றிப்போய்ப் பிழைத்தவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. சொல்வதெல்லாம் புரியும். ஆமாம் என்றால் தலையசைப்பார். இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். அவரைக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போவதும், தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இப்போது அவள்தான். அவர்கள் வீடு ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில் இருக்கிறது. சில நாட்களாக வேன் அந்த மேட்டில் ஊளையிட்டுத் திணறியது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் அவரை எப்படித் தூக்குவது என்ற பயத்தில்தான் பட்டறைக்கு வந்தாள்.

நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினாள்.

"அக்கா, இப்படி உடனே அணைக்கக் கூடாது" என்றார் மெக்கானிக்.

3

மெக்கானிக்கின் பட்டப்பெயர் சைலன்சர். வாய் ஓயாதவர் என்பதால் வைத்தது.

"புகை வெளிய போற வேகத்துல ஒரு சின்னக் காத்தாடி சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இன்னொரு காத்தாடி. அது வெளிக்காத்த இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா டீசலும் கூட எரியும், இழுவை வரும். அவ்வளவுதான் டர்போ. ஆனா நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்துது, பழுக்கக் காயுது. இரும்போட இரும்பு உரசாமக் காப்பாத்துறது நடுவுல ஓடுற ஆயில்தான். என்ஜின அணைச்சா ஆயிலும் நின்னுடும். நின்ன ஆயில் அந்தச் சூட்டுல கருகிக் கரியாகும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"மேடு ஏறி வந்தா ஒண்ணு ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்கணும். ஸ்டார்ட் பண்ணுன உடனே உறுமவிடக் கூடாது. சரியான ஆயில, காலத்தோட மாத்தணும். காத்து ஃபில்டர் சுத்தமா இருக்கணும். வேற மந்திரம் கிடையாது."

(பத்திரிகைக்கு வேண்டிய கட்டுரை இங்கே முடிகிறது. அதற்காக மட்டும் வந்தவர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.)

அவர் டர்போவைக் கழற்றினார். ஆயில் வரும் குழாய்க்குள் கரி இறுகிக் கிடந்தது. தண்டு ஆடும் பல்லைப் போல ஆடியது.

"ஆயில் நல்லா இருக்கு. ஃபில்டரும் சுத்தம். அண்ணன் வண்டியக் கண்ணா வச்சிருக்காரு. ஆனா அணைக்குறதுல மட்டும் அவசரப்பட்டிருக்காரு. இது ரெண்டு மூணு மாசத்துக் கரி இல்லக்கா. வருஷக்கணக்கு."

"அவசரமா? மொதல்லல்லாம் அவர் அணைக்கவே மாட்டாரே..."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

4

அவள் நினைவுக்கு வந்தது இதுதான். கல்யாணமான புதிதிலிருந்தே அவர் மாலையில் மேடேறி வருவார், வாசலில் வேனை நிறுத்துவார், இறங்கமாட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கில் கை வைத்து எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் ஜன்னல் வழியே பார்ப்பாள். வீட்டுக்குள் வர இவ்வளவு யோசனையா? கேட்கவில்லை. கேட்காமலே பல வருஷம் மனசுக்குள் புழுங்கினாள். ஒரு நாள் பொறுக்காமல் வாசலுக்கே போய்விட்டாள்.

"என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா அந்த வண்டியிலயே படுத்துக்கோங்க."

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அவர் அவளைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். இறங்கி உள்ளே வந்து கை கழுவினார். மறுநாளிலிருந்து வேன் நின்ற கையோடு வீட்டுக்குள் இருப்பார். ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

(இந்த மனிதர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'டர்போ ஆறணும்' என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்லவா ஒருவருக்கு வாய் வராது? கொஞ்சம் வாயாடியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதையே இல்லாமல் போனது. பிறகுதான் உறைத்தது. அப்படிக் கத்துகிறவளிடம் 'வண்டிக்காகத்தான்' என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாளா? வண்டி கெட்டால் கெடட்டும் என்று அவர் முடிவுசெய்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கரி...)

அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. ஏனென்றால் அவள் சைலன்சரிடம் இன்னொன்றும் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் போதும்னீங்களே தம்பி. அவர் அதுக்கும் மேல உக்காந்திருப்பாரே?"

வாய் ஓயாத மனிதர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

5

முடிவு ஒன்று: அவள் வீட்டுக்குப் போய், "வண்டிக்காகத்தான் உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்கிறாள். அவர் தலையசைக்கிறார். இருவரும் அழுகிறார்கள். (எனக்கே கூசுகிறது.)

முடிவு இரண்டு: அதையே கேட்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். (இதை எழுதிவிட்டு ஒரு வாரம் மேசைப் பக்கமே போகவில்லை.)

வேறு டர்போ பொருத்திய வேனை எடுக்க அவள் வந்தபோது நான் அவளையே கேட்டுவிட்டேன்.

"போய்க் கேட்டீங்களாம்மா?"

"அன்னிக்கே கேக்கணும்னுதான் போனேன். கட்டில் பக்கத்துல நின்னேன். கேட்டு, கண்ண மூடிட்டார்னா? மீதிக் காலத்துக்கு அந்த மூஞ்சிய எப்படிப் பாக்குறது? தலையாட்டுனாலும் கஷ்டந்தான். அத்தன வருஷம் வீணா வெறுத்திருக்கேனே."

"அப்புறம்?"

"சாப்பிடலாமான்னு கேட்டேன். தலையாட்டினார்."

6

என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அவள் வாயில் அந்தக் கேள்வியை வைக்க எத்தனையோ முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறாள். அவர் விழித்துத்தான் இருக்கிறார். எல்லாம் புரியும். உங்களுக்கு மனம் துணிந்தால் நீங்கள் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.