சுவரில் ஒட்டிய வாக்கேடு

1868ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றத் தேர்தலை உயர்தர வகுப்புக்கு நடத்திக் காட்டலாம் என்று முடிவு செய்தது நான்தான். அப்போது அங்கே இரகசிய வாக்கு இல்லை. வாக்காளர் எல்லார் முன்னும் வந்து வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். எழுத்தர் ஏட்டில் பதிவு செய்வார். வேல்ஸில் நிலவுடைமையாளருக்கு எதிராக வாக்களித்த குத்தகைக்காரர் பலர் நிலத்தை இழந்தார்கள்.

அதை மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடைசியில் சொன்னால்தான் மனத்தில் நிற்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வகுப்புத் தலைவரையே அப்படித் தெரிவு செய்யவைத்தேன். போட்டியிட்டவர்கள் இருவர். பிரதாப், ரப்பர் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை தம்பையாவின் மகன். கிருஷாந்த், எஹலியகொட நகரக் கடைவீதிப் பையன். சுஜீதா எழுந்து வந்தாள். அவள் அம்மா பரிமளம் தம்பையாவின் கீழ் ரப்பர் பால் வெட்டுகிறவள். அது எனக்குத் தெரியும்.

சுஜீதா முதலில் பிரதாப்பைப் பார்த்தாள்.

"என்னடி, வாய்ல ஒட்டுப்பால் ஒட்டிக்கிச்சா?" என்றான் பிரதாப். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கிருஷாந்த்," என்றாள்.

கிருஷாந்த் ஒரே வாக்கு வித்தியாசத்தில் வென்றான். ஏட்டைச் சுவரில் ஒட்டினேன். பிரதாப் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டான். கிருஷாந்துக்கு வாக்களித்த மற்றவர்கள் கடைவீதிப் பிள்ளைகள். தம்பையாவின் கைக்கு எட்டாதவர்கள்.

மூன்றாம் நாள் பரிமளம் வந்தாள்.

"வெட்ட மரம் இல்லன்னு கணக்கப்பிள்ளை ரெண்டு நாளா திருப்பி அனுப்புறாருங்க. புள்ள தெரியாம சொல்லிருச்சு டீச்சர். அந்தத் தாள்ல மாத்தி எழுதிருங்க."

"அது வெறும் பாடம்தானே?"

"அவருக்குப் பாடமில்லைங்களே."

நான் தம்பையாவிடம் பேசியிருக்கலாம். பேசினால் விஷயம் வலயக் கல்வி அலுவலகம்வரை போகும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பரிமளத்தின் மேல் இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மறுபடி வாக்குச் சொல்லச் சுஜீதாவை முன்னே அழைத்தேன்.

"பிரதாப்," என்றாள்.

"கேக்கலயே! சத்தமாச் சொல்லு. ஹய்யென், ஹய்யென்!" என்று சிங்களத்திலும் அதட்டினான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவனை அடக்குவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"பிரதாப்!" என்று கத்தினாள்.

ஏட்டில் பழைய பெயரை அடித்து எழுதினேன். இப்போது பிரதாப் ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றான். வேல்ஸில் நடந்ததைக் கரும்பலகையில் குறிப்பாக எழுதிப்போட்டேன். எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாளே பரிமளத்துக்கு மரம் கிடைத்தது. பள்ளிக்கூடம் வரை வந்து என்னைக் கும்பிட்டாள்.

"நீயும் கும்பிடு புள்ள, டீச்சராலதானே?"

சுஜீதா கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை.