கூப்பிடாத விருந்து

அழையாத வீட்டுக்குள் நுழையாதே என்று சொல்லி வைத்தவர்கள் பிரோத் ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். இங்கே ஸ்லாவாவுக்கு, அதாவது ஒரு குடும்பம் தன் வீட்டுப் புனிதரைக் கொண்டாடும் நாளுக்கு, யாரும் யாரையும் அழைப்பதில்லை. முதல் தடவை மட்டும்தான் அழைப்பு. அதற்குப் பிறகு சாகும் வரை வருடா வருடம் தானாக வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் கோபம். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் பாவம்.

ஹேசலுக்கு இது தெரியும். தெரிந்தும் டிசம்பர் தொடங்கியதிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இங்கிலாந்தை விட்டு வந்து நான்காவது குளிர்காலம். ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். காலை ஏழரைக்கு வாசற்படியில் உறைந்து கிடக்கும் பனியில் உப்பைத் தூவிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தெருவெல்லாம் விறகுப் புகை. வகுப்பறையின் வெப்பக் குழாய் மூன்றாவது பாடவேளைக்குத்தான் சூடாகும். அதுவரை மாணவர்கள் கோட்டோடு உட்கார்ந்து, வாயில் ஆவி பறக்க, "எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் ஒப்பிப்பார்கள். எல்லோரும் நர்ஸுகள். ஆங்கிலம் வந்ததும் அயர்லாந்து, மால்டா என்று பறந்துவிடுவார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் ஊர் காலி, மோசமாகச் சொல்லிக் கொடுத்தால் வேலை காலி. என்ன பிழைப்போ!

இந்த ஊரில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு நுழையக்கூடிய வீடு ஒன்றுதான். காலுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ராதிங்காவின் வீடு. ராதிங்காவின் மகள் தூன்யாவுக்கு ஹேசல் இரண்டு குளிர்காலம் மாலை மாலையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். கூலி என்று கேட்கவில்லை. அந்த வீட்டுச் சூப்பும் அடுப்புச் சூடும் போதுமென்று இருந்தது. தேவையே இல்லாவிட்டாலும் போன வருடம் ராதிங்கா போன் செய்து, "மறந்துடாத, நீ வந்தாத்தான் ரொட்டியே வெட்டுவேன்" என்றாள். செப்டம்பரில் தூன்யா அயர்லாந்துக்குப் போனாள். அதற்குப் பிறகு போன் இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் ராதிங்காவுக்கு எப்போதும் ஏதோ அவசரம்.

"கூப்பிடலையே" என்று ஆசிரியர் அறையில் ஓப்ரெனிடம் சொன்னாள். அவர் ஜெர்மன் வாத்தியார், அறுபதைத் தாண்டியவர்.

"ஏம்மா, ஒரு தடவை கூப்பிட்டாங்கல்ல? வருஷா வருஷம் பேண்டு வாத்தியத்தோட வந்து கூப்பிடணுமா உனக்கு?"

"அவளுக்கு என்னைப் பிடிக்கலைன்னா?"

"பிடிக்கலைன்னாலும் சோறு போடுவாங்க. அதுக்குப் பேருதான் ஸ்லாவா. போகாம இருந்து பாரு, அப்பத்தான் நிஜமாவே பிடிக்காமப் போகும்."

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலாவின் நாள். மதியம் ஒரு மணிக்கு, ஒரு கையில் ஒயின் பாட்டிலும் மறு கையில் காப்பிப் பொட்டலமுமாக ஹேசல் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ராதிங்கா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள். சர்க்கரையும் வாதுமைக் கொட்டையும் கலந்த அவித்த கோதுமை. ஹேசல் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள்.

"வா. உள்ள வா. கதவு தொறந்திருந்தா குளிரு வரும்."

குளிருக்காகத்தான் உள்ளே கூப்பிட்டாள். விருந்தாளிகளுக்கான வீட்டுச் செருப்பு எல்லாம் தீர்ந்திருந்தது. போன வருடம் அவளுக்கென்று எடுத்து வைத்த நீலச் செருப்பு யாரோ ஒரு மாமாவின் காலில் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஹேசல் வெறும் காலுறையோடு சில்லென்ற தரையில் நடந்து போனாள்.

மேசையைச் சுற்றி மலைக் கிராமத்து உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் வயதானவர்கள். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி இல்லை, பொரித்த மீனும் அவரைக் கறியும். ராதிங்காவின் கணவர் மிலுதின் வழக்கப்படி உட்காராமல் நின்றுகொண்டே ஊற்றிக் கொடுத்தார். புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தூன்யாவின் நாற்காலி காலி. அதில் யாரையும் உட்கார விடவில்லை. ஹேசலுக்கு மேசை மூலையில் ஒரு முக்காலி கிடைத்தது. மீனை எடுத்து வைத்தார்கள், திரும்பத் திரும்ப வைத்தார்கள். உபசாரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"ராதிங்கா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

ராதிங்கா குழாயை மூடாமலே பேசினாள். "நீ வர்றதுக்கு முன்னாடி எம் பொண்ணுக்குக் குட் மார்னிங் கூடத் தெரியாது."

"நீதானே கேட்ட? கையைப் பிடிச்சு நீதானே கூட்டிட்டு வந்த?"

"கேட்டேன். புத்திகெட்டுக் கேட்டேன். கேட்டா உடனே குடுத்துடறதா? கொஞ்சம் மோசமாச் சொல்லிக் குடுக்கத் தெரியாதா உனக்கு?"

இதைவிட அநியாயமான பேச்சை ஹேசல் கேட்டதில்லை. ஆனாலும் ராதிங்காவின் சிவந்த கைகளைப் பார்த்தபோது கோபம் வரவில்லை.

"ஈஸ்டருக்கு வர்றேன்னிருக்கா" என்றாள் ராதிங்கா, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஏப்ரல்ல. டிக்கெட் கூடப் போட்டுட்டா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்."

அப்போது முன்னறையில் ஒரே ஆரவாரம். தூன்யா வீடியோவில் வந்துவிட்டாள். மிலுதின் மெழுகுவர்த்தியைக் காட்டினார், ரொட்டியைக் காட்டினார், மாமாக்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "டீச்சர் வந்திருக்காங்களா? குடுங்க, குடுங்க!" என்றது போன். ராதிங்காவே அதை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்து, ஹேசலின் தோளை ஒட்டி நின்றாள்.

தூன்யா ஆங்கிலத்துக்கு மாறினாள். பிழையே இல்லாத ஆங்கிலம். பாவி ஹேசல், அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"டீச்சர், சிரிச்சுக்கிட்டே கேளுங்க. அம்மா பார்க்கிறாங்க. நான் இன்னும் மூணு வருஷம் இங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டுட்டேன். இங்க ஒருத்தரோட சேர்ந்து வீடு எடுக்கப் போறேன். ஈஸ்டர் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். இன்னைக்குச் சொல்ல வேண்டாம், நல்ல நாள். அப்புறமா நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

சொல்லி முடித்து, தூன்யா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஹேசலும் சிரித்தாள். கன்னம் வலித்தது. இந்தப் பெண்ணை இழுத்துவைத்து நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

போன் அணைந்தது.

"என்ன சொன்னா?" என்றாள் ராதிங்கா.

உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் இனி தலை காட்ட முடியாது. ஹேசல் ஒரு மூச்சு யோசித்தாள்.

"அங்க ஒரே மழையாம். உன் மீனை நினைச்சா நாக்கு ஊறுதாம். ஈஸ்டருக்கு நாளை எண்ணிக்கிட்டிருக்காளாம்."

ராதிங்கா அவளையே பார்த்தாள். பிறகு சட்டென்று கட்டிக்கொண்டாள். ஈரக் கை ஹேசலின் முதுகில் பதிந்தது. "உன் காலு ஐஸா இருக்கே" என்றவள், உள்ளே போய்த் தூன்யாவின் சிவப்புச் செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் போட்டாள். கையைப் பிடித்து அழைத்துப் போய், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், அந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்தாள். மாமா ஒருவர் பாட ஆரம்பித்தார். ஹேசல் இரண்டு கோப்பை பிராந்தி குடித்தாள். பொய்யில் வாங்கிய இடம் என்று தெரிந்தும், அந்த ஒரு மணி நேரம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இருட்டத் தொடங்கியபோது கிளம்பினாள். வாசலில் ராதிங்கா மீனும் ரொட்டியும் கட்டிய பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"நான் பள்ளிக்கூடத்துல படிச்சது ரஷ்யன். இங்கிலீஷ்ல ஓர் எழுத்துத் தெரியாது."

"தெரியும்."

"தூன்யா அஞ்சு வயசுல என் பூந்தொட்டியைப் போட்டு உடைச்சுட்டு வந்து நின்னா. அன்னைக்கு எப்படிச் சிரிச்சாளோ, அப்படித்தான் இன்னைக்கும் சிரிச்சா."

ஹேசல் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. மாமாக்களுக்கு முன்னாடி என்னை அழ விடாம வெச்ச, அதுக்கு நன்றி. அடுத்த வருஷம் ஸ்லாவாவுக்கு வா. வராதன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல." ராதிங்கா குனிந்து ஹேசல் கழற்றி வைத்த சிவப்புச் செருப்பை எடுத்து, ஒன்றோடொன்று தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "ஈஸ்டருக்கு மட்டும் வராத. அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே பாட்டு நிற்கவில்லை.

ஹேசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. வருடத்தில் ஒரு நாள் யாரும் அவளைத் தடுக்க முடியாத வீடு ஒன்று இந்த ஊரில் அவளுக்கு இருக்கிறது. அந்த நாள் வர இன்னும் ஒரு முழு வருடம் இருந்தது.