மிகத் தெளிவான படம்

மேசையின் தலைமாட்டுக் கதிரையில் பேராசிரியை மங்களேஸ்வரி, அவர் வலப்பக்கம் தனேஸ், திரையருகே நான். கண் நோய் ஆய்வுகூடத்தில் நாங்கள் மூவர்தான்.

மாநாட்டுக்கான படத்தைக் காட்டினேன். குளுக்கோமா முற்றிய கண். போன பார்வை திரும்பாத நோய்.

"பாடப் புத்தகம் தோத்துப்போகும்!" என்று தனேஸ் கைதட்டினான். நானும் சிரித்தேன்.

"ஓம், வடிவான படம். எங்க எடுத்தது?" என்றார் பேராசிரியை.

"தை மாசம், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துல, மேடம்."

"ஆளுக்கு மருந்து துவங்கியாச்சோ?"

படம் எடுத்ததும் பெயரை நீக்கி இலக்கம் போடுவது எங்கள் வழக்கம். அதன்பின் ஆளை எவரும் தேடுவதில்லை.

"நிரோஷா சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்," என்றான் தனேஸ், என்னைக் காட்டி.

"நான் தனேஸ் சொல்லியிருப்பாருன்னு..."

"ஏழு மாசம்! நானும் இண்டைக்குத்தானே கேக்கிறன்," என்று பேராசிரியை முகத்தை மூடிக்கொண்டார்.

இலக்கத்துக்குரிய பெயரைத் தேடி எடுத்தேன்: பாப்பம்மா, கொழுந்து பறிப்பவர். "கண்ணு நல்லாயிருக்கா மகளே?" என்று அன்று கேட்டவர். "படம் நல்லா வந்திருக்கும்மா" என்றுதான் நான் சொன்னேன்.

அவரது தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. அவரைக் கூட்டிவர வாகனத்தோடு தனேஸ் புறப்படத் தயாரானான்.

"முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதித் தாங்கோ," என்றான்.

பெரிய எழுத்தில் எழுதினேன்: 'உங்கள் கண்ணில் நோய் இருக்கிறது. அன்றே தெரிந்தும் சொல்லாதது எங்கள் பிழை. இவரோடு உடனே வாருங்கள், அம்மா.'

மூவரும் ஒப்பமிட்டோம். உறையை ஒட்டி, வாகனத்தின் யன்னலூடாகத் தனேஸிடம் நீட்டினேன்.