காய்ச்சல் இல்லாத நடுக்கம்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிய மறுவாரம் என் வீட்டுக்காரர் எபினேசருக்கு அந்த நடுக்கம் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வேலை. சாயங்காலம் வீடு வந்தால் கைகால் உதறும், நெற்றி வியர்க்கும். காய்ச்சல் கிடையாது. கம்பளி போர்த்தினால் புழுங்குகிறது என்பார். இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் தெளிந்துவிடும்.

நான் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். மலேரியா இல்லை. தைராய்டும் இல்லை. "சர்க்கரை மாத்திரை போட்டுட்டு வேளாவேளைக்குச் சாப்பிடறீங்கதானே?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "சாப்பிடறனுங்க" என்றார். தினமும் காலி டிபன் பாக்ஸைக் கழுவுகிற எனக்கும் சந்தேகம் வரவில்லை.

"எங்கப்பனுக்கு வந்த நடுக்குவாதம் எனக்கும் வந்துபோட்டுதாட்ட இருக்குது அம்மணி. லேத்துல கையி ஆடுச்சுன்னா வெரலு போயிரும். வேலைய உட்டுறலாம்னு பாக்கறேன்" என்றார் ஒருநாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் கூட வேலை செய்யும் கருப்புசாமி அவரை பைக்கில் கூட்டிவந்தார். மிஷின் முன்னாலேயே உதறல். கட்டிலில் சாய்த்தோம். நான் தைலம் தேடினேன். பேச்சோடு பேச்சாகக் கருப்புசாமி சொன்னார்:

"கத்திரிக்காப் பொரியலுக்கு இன்னைக்கு உப்புக் கொஞ்சம் கம்மிங்கக்கா. நேத்துப் பருப்பு அருமைங்க."

கட்டிலில் என் வீட்டுக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"அத நீங்க எப்பிடித் தின்னீங்க தம்பி?"

"அண்ணன் மத்தியானம் உபவாசமுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தைலத்தை வைத்துவிட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. போனில் டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். சாப்பிடாமல் இருந்ததில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாதமெல்லாம் இல்லை என்றார்.

"ஏனுங்க, டாக்டரம்மாகிட்டயே பொய்யா?"

"உபவாசம் வெளிய தெரியப்படாதுன்னு பாஸ்டர் சொல்லுவாருல்ல."

"அப்புறம் மாத்திரைய மட்டும் எதுக்கு முழுங்குனீங்க?"

"மாத்திரைய நிறுத்தப்படாதுன்னு நீதான அம்மணி சொன்ன."

ஈஸ்டர் கழிந்து எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அது நல்லபடியாக முடியத்தான் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்ட இந்த உபவாசப் பொருத்தனையாம். "உனக்கொண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கருப்புசாமி மெல்ல எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டார்.

தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன்.

"பொருத்தனைய மாத்திக்கலாமுங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் சோத்த உடாம, கிரிக்கெட் பாக்கறத உட்டுருங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

டிவியைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார்.

"ஆபரேஷன இன்னும் கொஞ்சம் முன்னாடியே வெக்கச் சொல்லி டாக்டரம்மாகிட்டக் கேட்டா என்ன அம்மணி?"