மேசையைத் துறந்த ஈரஜ் கான்

இதனால் வீட்டார் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எஸ்ஃபந்த் மாதம் பதினைந்தாம் தேதி தொடங்கி நவ்ரூஸ் புத்தாண்டுவரை இவ்வில்லத்தில் மாபெரும் தூய்மைப் பணி நடைபெறும். ஓராண்டாகப் பயன்படாத பொருள் எதுவும் புத்தாண்டின் முதல் வெயிலை இங்கிருந்து பார்க்காது. பொருளின் சுமையே மனத்தின் சுமை. விதிவிலக்கு: மேசை.

ஈரஜ் கான் இதைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். வீட்டார் சகலர் என்பது அவர் மனைவி தூரான் ஒருத்திதான். பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி வேறு ஊர்களில் நிம்மதியாக இருந்தார்கள்.

ஷிராஸில் பனிக்காலம் முடியும்போது எல்லாரும்தான் வீட்டை உலுக்குகிறார்கள். திரைச்சீலை இறங்குகிறது, கம்பளம் மாடிக்குப் போகிறது, தெருவெல்லாம் சோப்பு நுரை ஓடுகிறது. யாரும் அதற்கு அறிக்கை விட்டதில்லை. ஆனால் ஈரஜ் கான் அந்தக் குளிர்காலத்தில் ‘இலேசான வீடு, இலேசான மனம்’ என்ற மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்திருந்தார். நடத்தியவர் வெள்ளைச் சட்டையும் மெல்லிய குரலும் உடைய ஒரு டாக்டர். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை.

தூரான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.

“ஏங்க, என் ஜாடியெல்லாம் போகணும், என் தையல் துணியெல்லாம் போகணும். உங்க மேசை மட்டும் இருக்கணுமா?”

“அது பொருள் இல்ல தூரான். அது என் முப்பத்தோரு வருஷம்.”

“அந்த முப்பத்தோரு வருஷமும் ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்குதே. எனக்குக் கொஞ்சம் வெயில் வேணும். முட்டி வலிக்கு டாக்டர் தினமும் வெயில்ல உக்காரச் சொல்லியிருக்கார். இந்த டாக்டர் நிஜ டாக்டர்.”

மேசை அப்படிப்பட்டதுதான். வால்நட் மரம், சிங்கப் பாதம், பக்கத்துக்கு மூன்று இழுப்பறை. ஓர் அரசு அலுவலகத்தில் கிடங்குப் பிரிவின் துணை இயக்குநராக இருந்தவருக்கு, ஓய்வுபெற்ற அன்று, புதுச் சாமான் வந்துவிட்டதால் பழையதைத் தூக்கிக் கொடுத்தார்கள். கௌரவித்தார்கள் என்று அவர் சொல்லுவார். வீட்டில் வெயில் விழும் ஒரே ஜன்னலை மறைத்து அதைப் போட்டுவிட்டு, ஐந்து வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்குச் சவரம் செய்துகொண்டு அதன் பின்னால் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து செய்ய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே உட்காரும்போது அவர் துணை இயக்குநர். எழுந்துவிட்டால் தக்காளி வாங்கப் போகிறவர். மேசை போனால் மிச்சம் இருக்கப்போவது அந்த இரண்டாவது ஆள்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பத்தே நாளில் தூரானின் பதினெட்டு ஜாடிகள், தேநீர் கொதிக்க வைக்கும் இரண்டு உடைந்த சமோவார்கள், மாமியார் கொடுத்த மெத்தை எல்லாம் வெளியேறின. ஈரஜ் கான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொன்று போகும்போதும், “மனசு எவ்வளவு லேசாகுது பார்” என்றார்.

“உங்க மனசு லேசாகுது. போறது என் சாமான்” என்றாள் தூரான்.

பதினோராம் நாள் கம்பளத்தின் முறை வந்தது. துப்புரவுக்கு வந்த கோக்கப், நாற்பது வீட்டுக் கம்பளங்களைக் கழுவிய தோள்களும் அதற்கேற்ற வாயும் உள்ளவள். கம்பளத்தின் ஒரு முனை மேசையின் நாலு சிங்கப் பாதங்களுக்கு அடியில் இருந்தது. அவள் இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“ஐயா, இந்த யானையைத் தூக்க இன்னொரு ஆம்பிளை வேணும். உங்களைக் கணக்குல சேத்துக்கிட்டுத்தான் சொல்றேன்.”

மாடி வீட்டு ரஸ்தேகார் வந்தார். கெர்மானில் வடிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, அந்த இலையுதிர்காலத்தில்தான் குடிவந்தவர். கதவைத் தட்டிவிட்டு, தட்டியதற்கு மன்னிப்புக் கேட்கும் ரகம். உள்ளே வந்ததும், வந்த இடத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார். கம்பளம் சுருண்டு கிடந்தது, திரைச்சீலை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நின்றது மேசை ஒன்றுதான்.

“அடேயப்பா, என்ன ஒரு மேசை ஈரஜ் கான்!”

“உங்களுக்கே வச்சுக்குங்க” என்றார் ஈரஜ் கான், மூச்சுவிடுவதுபோல.

இது வழக்கம். ஒருவர் ஒன்றைப் புகழ்ந்தால் உடையவர் ‘உங்களுக்கே’ என்றாக வேண்டும். புகழ்ந்தவர் மூன்று தடவை மறுத்தாக வேண்டும். பிறகு தேநீர் வரும், பொருள் இருந்த இடத்தில் இருக்கும். ஷிராஸில் டாக்சிக்காரர்கூடக் கூலி வேண்டாம் என்றுதான் சொல்லுவார். கொடுக்காமல் இறங்கிப் பார்த்தால் அவருடைய குரல் வேறாக இருக்கும்.

“ஐயோ, எனக்கு எதுக்குங்க? உங்க கிட்ட இருக்கறதுதான் அதுக்கு அழகு” என்றார் ரஸ்தேகார். ஒன்று.

“உங்க முன்னாடி இதெல்லாம் ஒரு மேசையா? எடுத்துக்குங்க.”

“உங்க நிழல் இருந்தா போதும் எனக்கு.” இரண்டு.

“என் மேல சத்தியம், உங்களுக்குத்தான்.”

“மனசாரச் சொன்னீங்க, வாங்கினதுக்குச் சமம்.” மூன்று.

கணக்கு சரியாக முடிந்தது. ரஸ்தேகார் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார். அப்போதுதான் கோக்கப் பக்கென்று சிரித்தாள்.

“பயப்படாதீங்க ரஸ்தேகார்” என்றாள் தூரான், திரைச்சீலையைப் பிழிந்துகொண்டே. “நீங்க சரின்னு சொல்லியிருந்தாலும் அவர் தந்திருக்க மாட்டார். லேசான மனசெல்லாம் என் ஜாடிக்குத்தான்.”

ஈரஜ் கானின் காது மடல் சிவந்தது. மூன்று நாள் வகுப்பு, கையெழுத்திட்ட அறிக்கை, முப்பத்தோரு வருட அதிகாரம் எல்லாம் ஒரு வேலைக்காரியின் சிரிப்பில் மிதந்துகொண்டிருந்தன. அவர் மார்பில் கை வைத்தார்.

“ரஸ்தேகார், நீங்க இதை எடுத்துக்கலைன்னா நான் உங்க மேல வருத்தப்படுவேன்.”

அது நாலாவது தடவை. நாலாவது தடவை யாரும் விளையாட்டுக்குச் சொல்லுவதில்லை.

ரஸ்தேகாரின் முகம் வெளுத்தது. மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே அவருடைய மனைவி மஹின் இருந்தாள். ஆனால் ஒரு பெரிய மனிதரை வருத்தப்பட வைக்க வடிவியல் வாத்தியாருக்கு வழி தெரியவில்லை.

“அப்படின்னா... உங்க பேச்சை நான் எப்படித் தட்டறது?”

மேசை மாடி ஏறியது. கீழ்முனையை ஈரஜ் கானே தாங்கினார். கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டபோது அவர் மனம் ஒரு நொடி சிறகடித்தது. “சாய்ச்சுப் பிடிங்க ஐயா, சாய்ச்சு!” என்று கோக்கப் ஒரு இடி இடித்தாள். சிக்கல் விலகியது. மாடி வீட்டுக் கதவு இரட்டைக் கதவு.

அன்று பிற்பகல் ஜன்னல் வழியே வெயில் பாய்போல விழுந்தது. தூரான் ஒரு மெத்தையைப் போட்டு, காலை நீட்டி, தேநீர்க் கிளாஸை வயிற்றில் நிறுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அப்படி ஒரு சுகத்தை அவள் முகத்தில் ஈரஜ் கான் அண்மையில் பார்த்ததில்லை. அதைப் பாராட்டும் நிலையில் அவர் இல்லை. ஒன்பது மணிக்குச் சவரம் செய்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு நாள் சமையலறையில் நின்றார்.

மூன்றாம் நாள் அவருக்கு வார்த்தைகள் கிடைத்தன. ரொட்டிக்கடை வரிசையில் ஆரம்பித்தார். “மேசையைத் துறந்துட்டேன். பற்றுங்கறது தூசி. உலுக்கினா போயிடும்.” ரொட்டிக்காரர் தலையாட்டினார். மருந்துக்கடையில் சொன்னார். படிக்கட்டில் மேலிருந்து இறங்கிய மஹினிடமும், அவள் கையில் குப்பைக் கூடையோடு நிற்க, பத்து நிமிடம் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நாலு மாடியிலும் ஈரஜ் கான் துறவி என்று பேர் ஆகிவிட்டது.

ராத்திரி படுக்கையில் துறவி திட்டம் போட்டார். புத்தாண்டு விருந்தினராக மாடிக்குப் போவது. மேசையைப் புகழ்வது. ரஸ்தேகார் ‘உங்களுக்கே’ என்றாக வேண்டும். மூன்று தடவை மறுப்பது. நாலாவதற்கு, பேச்சைத் தட்ட முடியாமல் ஒப்புக்கொள்வது.

வயதில் மூத்தவர் வீட்டுக்கு இளையவர்தான் முதலில் வர வேண்டும். ஈரஜ் கான் ரஸ்தேகாரைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் வருடம் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாமல், புதுச் சட்டையோடு, தூரானை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

“நீங்க போய் முதல்ல வரலாமா? என்னை வெக்கப்பட வைக்கறீங்களே!” என்று ரஸ்தேகார் பதறினார்.

கூடத்தின் நடுவே மேசை நின்றது. மஹின் அதன்மேல் விரிப்பு விரித்துப் புத்தாண்டின் ஏழு பொருட்களையும் பரப்பியிருந்தாள்: முளைத்த கோதுமை, பூண்டு, ஆப்பிள், வினிகர், மற்றதெல்லாம். இழுப்பறைப் பிடியில் ஒரு துடைப்பம் தொங்கியது. மேசையைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் போக வேண்டியிருந்தது.

“எவ்வளவு அழகா இருக்கு இந்த மேசை” என்றார் ஈரஜ் கான்.

ரஸ்தேகாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “உங்களுதுதானே! எடுத்துக்குங்க.”

“சே சே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“உங்க கிட்ட இருந்தாதான் அதுக்கு மதிப்பு. இப்பவே இறக்கிடலாம்.”

“அது நடக்கற காரியமா?”

“ஈரஜ் கான், கெஞ்சிக் கேக்கறேன், எடுத்துட்டுப் போங்க.” ரஸ்தேகார் நிஜமாகவே கெஞ்சினார்.

“முடியாது, முடியாது” என்று மூன்றாவது தடவையும் மறுத்துவிட்டு, ஈரஜ் கான் நாலாவதற்காக முதுகை நிமிர்த்திக்கொண்டார். ரஸ்தேகார் வாயைத் திறந்தார்.

“ஏங்க, பாவம், விடுங்க!” மஹின் பிஸ்தாத் தட்டோடு உள்ளே வந்தாள். “எல்லாத்தையும் துறந்த மனுஷன்கிட்டப் போய் மறுபடி சுமையை ஏத்தறீங்களே. எனக்கு மட்டும் இது வேணுமா என்ன? ஆனா ஈரஜ் கானே சொன்னாரு, பற்றுங்கறது தூசின்னு. அவர் நிம்மதியைக் கெடுக்கலாமா?”

ரஸ்தேகாரின் வாய் மூடிக்கொண்டது. ஈரஜ் கான் தூரானைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அவருக்கு அந்த மேசை வேணும்ங்க. தூரான் ஒரு பிஸ்தாவை உடைத்து நிதானமாக மென்றாள்.

“ஆமா மஹின், இவருக்கு இப்ப மனசு ரொம்ப லேசு” என்றாள். “எனக்கு முட்டியும்.”

ஈரஜ் கான் தேநீரைக் குடித்தார். பற்றைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்.

பண்டிகையின் பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் மஹின் ஏழு பொருட்களையும் எடுத்துவிட்டு மேசைமேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினாள்.