அட்மின் மட்டும்

கணக்கு டீச்சர் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, அன்றைய பாடத்தைப் பேசிப் படம்பிடித்து வகுப்புக் குழுவில் போட்டார். அதன் கீழே வழக்கம்போல, "புரிஞ்சவங்க புரிஞ்சுதுன்னு சொல்லுங்க, புரியாதவங்க கேளுங்க" என்று தட்டிவிட்டு, மேசையைத் துடைத்து, தட்டுகளைக் கழுவி, ஈரக் கையோடு வந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நீல டிக் பளிச்சென்று விழுந்திருந்தது. பதில்தான் இல்லை. ஒரு கட்டைவிரல் படம்கூட இல்லை. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து இதே கதைதான். கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் கொடுக்குமே என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது மாலை வகுப்பு. நடுவில் படிப்பை விட்ட பிள்ளைகள் மறுபடி வந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்காகப் பள்ளி நடத்துவது. லோடு வண்டி ஓட்டுகிறவன், கடையில் பில் போடுகிறவள், இன்னும் எங்கே வேலை என்று சொல்லவே கூச்சப்படுகிற சிலர். வாரத்தில் இரண்டு நாள் நேரில், மற்ற நாளெல்லாம் செல்போனில். நேரில் வந்தாலும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி உண்டு. கூட இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூடி. வருகைப் பதிவுக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள்.

அன்று காலை தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து உட்காந்து பாக்கறேன் டீச்சர். ஒருத்தராவது வாயத் தொறந்தா சரி. இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம், ரூமாவது மிச்சமாகும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அந்த அறைக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். ஆனால் வகுப்பு நின்றால் அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுத முடியாது. ஒருமுறை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் இரண்டாம் முறை வரவே மாட்டார்கள் என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கவலையில்தான் அவ்வளவு கோபம்.

கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி, அக்கா வீட்டு மிக்சரைக் கொறித்தபடி எல்லாப் புலம்பலையும் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, நீதான் பூட்டி வச்சிருக்க."

"எதடா?"

"குரூப்ப. அட்மின் மட்டுந்தான் இதுல எழுத முடியும். எங்க மேனேஜரும் இப்படித்தான் வச்சிருக்காரு. ஆனா அவரு புரிஞ்சுதான்னெல்லாம் கேக்க மாட்டாரு."

டீச்சருக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. குழு தொடங்கிய முதல் நாளே எவனோ குரங்குப் படமாகப் போட்டுத் தள்ளினான். எரிச்சலில் எதையோ அமுக்கியிருந்தார். போதாதென்று, "எனக்குத் தனியா யாரும் அனுப்பக் கூடாது, எதுவா இருந்தாலும் குழுவுல கேளுங்க" என்று கண்டிப்பாக வேறு சொல்லியிருந்தார். வாயைக் கட்டிவிட்டுப் பேசு பேசு என்று இத்தனை நாள் அதட்டியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூட்டைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அதுவும் நியாயம்தான், யாருக்கு என்ன தெரியும். குரல் பதிவை அமுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "குழுவப் பூட்டி வச்சது நான்தான். எனக்கே தெரியாம செஞ்சுட்டேன். தப்பு என்னோடது. ஆனா நீங்க ஏன் நேர்லகூட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

லோடு வண்டிக்காரன்தான் முதலில் எழுதினான். "புரிஞ்சுதான்னு எல்லா டீச்சரும் கேப்பாங்க டீச்சர். பதில் வேணும்னு கேக்கறீங்கன்னு நாங்க நெனைக்கல."

டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார். தம்பிகூட சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒரு குரல் பதிவு. பின்னால் ஆவி இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. "டீச்சர், மைனஸும் மைனஸும் பெருக்குனா பிளஸ் வரும்னு சொன்னீங்க இல்ல. ஏன் வருது? அங்கயே நின்னுட்டேன். அதுக்கப்புறம் நடத்துனது எதுவுமே ஏறல." யார் குரல் என்று புரியாமல் டீச்சர் பெயரைப் பார்த்தார். மூடி.

சந்தோஷத்தில் டீச்சர் ஒரு தாள் நிறைய விளக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். "புரியல" என்று ஒரு பதில் வந்தது. "எனக்கும்" என்று இன்னொன்று. மூன்றாவதாக ஒரு குரங்கு தலையைச் சொறிந்தது. இத்தனை வருட வேலையில் புரியவில்லை என்ற சொல் இவ்வளவு இனிக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அதுவும் புரியவில்லை. பிள்ளைகள் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருத்தி கடன் கணக்கை இழுத்தாள், இன்னொருவன் அதைத் தூக்கிப் போட்டு மிதித்தான். கடைசியில் லோடு வண்டிக்காரனிடமிருந்து ஒரு வீடியோ. கிடங்கு வாசலில் அவன் வண்டி நேராக முன்னால் வந்துகொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தான்: "நான் ஓட்டுனது ரிவர்ஸ்ல. வீடியோவையும் ரிவர்ஸ்ல ஓட விட்டிருக்கேன்."

அடுத்து வந்த குரல் பதிவில் இஸ்திரிப் பெட்டியின் மூச்சும், அதற்கு மேலே மூடியின் சிரிப்பும் கேட்டன. "ஏறிடுச்சு டீச்சர்."

மறுநாள் மாலை தலைமை ஆசிரியர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். போனில் பேசியவர்கள் நேரில் பேசுவார்கள் என்று என்ன நிச்சயம்? டீச்சர் பாடத்தை நடத்திவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, இந்த முறை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. பில் போடுகிறவள் நகத்தைக் கடித்தாள். தலைமை ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மைனஸ மைனஸால பெருக்குனா என்ன வரும்? அதையாவது யாராவது சொல்லுங்கப்பா."

"பிளஸ் சார்." மூடி எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஏன் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தார். "அது வந்து... விதிதானே."

"இல்ல சார். கொஞ்சம் இங்க வாங்க." அவள் தன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தாள். வகுப்பே பின்னால் போனது. அவரும் போனார். அவள் படமெடுக்கப் போனை அவர் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "என்னைப் பாத்து நில்லுங்க. அப்படியே பின்னாடி நடங்க."

"பின்னாடியா?"

"ஆமா சார். பயப்படாதீங்க, இடிக்க ஒண்ணும் இல்ல."

பள்ளிக்கூடம் முழுக்க அதட்டிப் பழகிய மனிதர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்தார். லோடு வண்டிக்காரன் பக்கத்தில் கூடவே போய், "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று கையசைத்தான். அவரே சிரித்துவிட்டார். ஒருமுறை டீச்சருக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல வந்தது. சொல்லாமல் ஓரமாக நின்றார். அவருடைய கண் நிறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அங்கே எல்லோரும் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்காதீங்க சார், இன்னும் போங்க" என்றாள் அவள், வராந்தாவின் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரி.

பிறகு எடுத்த வீடியோவை ரிவர்ஸில் ஓடவிட்டு, போனை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். சின்னத் திரையில், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து, தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.