நூற்றுப் பதினேழு வெள்ளை அட்டைகள்

சிவப்பு அட்டையைத் தூக்கினால் மகள் தோற்பாள். பச்சை அட்டையைத் தூக்கினால் கழகம் செத்துப்போகும். லோதார் பீச்சோங்கா இரண்டையும் கோட்டின் உள்பையில் செருகிவிட்டு, மூன்றாவதான வெள்ளை அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். எந்தப் பக்கமும் சேராத அட்டை அது. யாருக்கும் கெடுதல் செய்யாது என்று நம்பினார்.

நவம்பர் ஞாயிறு, காலை பதினோரு மணி. ஹெர்டன்ராத் நகர மண்டபத்தில் கால்பந்துக் கழகத்தின் பொதுக்குழு. வாசலில் ஈரக் குடைகள் குவிந்து கிடந்தன. பின்பக்கம் பெரிய அண்டாவில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள்.

தீர்மானம் ஒன்றுதான். ஹெர்டன்ராத் 1911 கழகத்தைக் கலைத்து, பக்கத்து ஊர் வெஸ்டர்லோ கழகத்தோடு இணைப்பது. புதுப் பெயர், புது நிறம், நெடுஞ்சாலை ஓரம் புது மைதானம். பழைய மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள். இதற்கு மறுகட்டமைப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். தாகத்தில் நாக்கு வறண்டாலும் வெஸ்டர்லோக்காரனிடம் தண்ணீர் கேட்காதவன்தான் ஹெர்டன்ராத்காரன்.

மேடையில் அந்தத் தீர்மானத்தை விளக்கிக்கொண்டிருந்தவள் கழகத்தின் தலைமை நிர்வாகி சில்கே. லோதாரின் ஒரே மகள்.

கழகம் ஒரு காலத்தில் வாழ்ந்த வாழ்க்கை வேறு. 1911இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கியது. போரில் குண்டு விழுந்து மைதானம் குழியானபோது, இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து பார்வையாளர் படிகளைக் கட்டினார்கள். அந்தப் படிகளில் நின்றுதான் ஊர் இரண்டு கோப்பை வெற்றிகளைப் பார்த்தது. பிறகு சுரங்கத்தை மூடினார்கள். மூடிய பிறகும் கழகம் பழைய நினைப்பிலேயே கடன்பட்டுப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கியது. முதல் டிவிஷனிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, பிறகு நான்கு, போன வசந்தத்தில் ஐந்து. கீழே இறங்க இறங்க, படிகளில் நிற்கும் கூட்டம் மட்டும் குறையவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு லோதார் சொன்னால் வேதம். முப்பத்தொரு வருடமாக மைதானத்தின் அறிவிப்பாளர் அவர். ஆட்டக்காரனின் முதல் பெயரை அவர் ஒலிபெருக்கியில் சொல்வார். குடும்பப் பெயரைப் படிகளில் நிற்பவர்கள் ஒரே குரலில் முழங்குவார்கள். அப்படிப் பழகிய கூட்டம், வியாழக்கிழமை கழகத்தின் மதுக்கடையில் அவரைச் சூழ்ந்துகொண்டு எப்படி வாக்களிப்பது என்று கேட்டது.

முதலில் வாயைத் திறந்தவர் உல்லி வெசெண்டார்ஃப். சுரங்கத்தில் லோதாரோடு இருபது வருடம் ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்.

"சிவப்பத் தூக்கணும். இதுல கேக்குறதுக்கு என்னடா இருக்கு? உனக்குக் கையில சுளுக்கா?"

"மேடையில நிக்கப்போறது என் பொண்ணுடா. நானூறு பேருக்கு முன்னால பெத்த அப்பனே சிவப்பக் காட்டுனா, அவ மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சுப்பா?"

"அப்ப பச்சையத் தூக்கு. வெஸ்டர்லோக்காரன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு பாட்டுப் பாடு. நான் கேட்டு ரசிக்கிறேன்."

"வெள்ளையத் தூக்குவோம்."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை."

லோதார் பையிலிருந்து கழகத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தார். சுரங்கத்தில் சேர்ந்த வருடம் கொடுத்தது. மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து விரலை ஓட்டினார். கழகத்தை இணைக்க, வந்திருக்கும் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பேர் சம்மதிக்க வேண்டும்.

"பாத்தியா? வந்திருக்குறவங்கள்லன்னு போட்டிருக்கு. நாம வெள்ளையத் தூக்கிட்டு சும்மா உக்காந்தாலே அவங்களுக்கு ஆள் பத்தாது. தீர்மானம் தோத்துரும். என் பொண்ணையும் யாரும் அவமானப்படுத்துன மாதிரி இருக்காது."

உல்லி புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். "எழுத்து என்னவோ அப்படித்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. சில்கே அவர்கள் கண்முன்னே வளர்ந்த பெண்.

இப்போது மண்டபத்தில் தலைவர் ப்ரோமல் மணியடித்தார். "சம்மதிக்கிறவங்க?"

பச்சை எழுந்தது. லோதார் திரும்பிப் பார்த்தார். பாதிக்கு மேல். ஆனால் நாலில் மூன்று இல்லை, நிச்சயமாக இல்லை. அவருக்கு மூச்சு சீரானது.

"எதிர்க்கிறவங்க?"

அங்கங்கே சிவப்பு. மேடையில் சில்கே மண்டபத்தின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த பக்கம். லோதார் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"நடுநிலை?"

லோதார் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக வெள்ளை எழுந்தது.

எண்ணி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. ப்ரோமல் தாளைப் பார்த்து வாசித்தார். சம்மதம் இருநூற்று முப்பத்தொன்று. எதிர்ப்பு அறுபத்து நான்கு. நடுநிலை நூற்றுப் பதினேழு.

"தேவையான பெரும்பான்மை கிடைச்சிருக்கு. தீர்மானம் நிறைவேறியது."

லோதார் எழுந்துவிட்டார். "அதெப்படி? வந்திருக்கிறது நானூத்திப் பன்னெண்டு பேர். நாலுல மூணு பங்குன்னா முந்நூத்தி ஒம்பது வேணும். விதியப் பாருங்க."

"எந்த விதி, லோதார்?" ப்ரோமல் கேலி செய்யவில்லை, பரிவாகத்தான் கேட்டார். "நீங்க வச்சிருக்கிறது பழைய புத்தகம். ஒம்பது வருஷம் முன்னாடி இதே மண்டபத்துல திருத்திட்டோம். பச்சையும் சிவப்பும் மட்டும்தான் கணக்கு. வெள்ளை போட்டா, அவர் வரலேன்னு அர்த்தம்."

லோதாருக்கு ஞாபகம் வந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தைய பொருள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டார்கள். கழகத்தில் யாரும் கடைசிப் பொருள்களை வாசிப்பதில்லை. வாசனை வந்துவிட்டால் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டு வரிசையில் போய் நிற்பார்கள். அன்றும் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒருமனதில் அவர் கையும் இருந்தது.

பின்வரிசைகளில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. உல்லி அருகில் வந்து நின்றார்.

"வேணும்னே செய்யலன்னு தெரியும்டா" என்றார். "ஆனா உன் பேச்சத்தானே நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

சில்கே மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஜெயித்தவள் முகம் அல்ல.

"ஏம்பா சிவப்பத் தூக்கல?"

"உனக்காகத்தாம்மா."

"நீங்க சிவப்புதான் காட்டுவீங்கன்னு நெனச்சேன். நீங்க காட்டுனா நூறு பேர் காட்டுவாங்க. இது தோத்துரும். அந்தத் தைரியத்துலதான் மேடையே ஏறுனேன்."

லோதார் கையிலிருந்த வெள்ளை அட்டையைக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

"இன்னொரு திட்டம் எழுதி வச்சிருந்தேம்பா. கடைசி டிவிஷன்லருந்து திரும்ப ஆரம்பிக்கிறது. அதே பேரு, அதே மைதானம். இது தோத்தாதான் நிர்வாகக் குழு அதை மேசையில வைக்கவே விடும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"கழகத்துக்கு வேலை பாக்குறவ நான். என் தீர்மானத்த நீங்களே தோக்கடிங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்? உங்களுக்கு அப்படி ஒண்ணும் கட்டுப்பாடு இல்லையே. நீங்க ஏன் வந்து கேக்கல?"

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை சில்கே அவர் வீட்டுக்குக் காப்பியும் கேக்கும் சாப்பிட வருவாள். மூன்று மாதமாக இருவரும் வானிலையையும் அவருடைய முழங்கால் வலியையும் பற்றித்தான் பேசியிருந்தார்கள். ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்க வேண்டாம் என்று.

அலுவலகப் பெண் ஒருத்தி வரிசை வரிசையாகத் தாள் கொடுத்துக்கொண்டு வந்தாள். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் புதிய கழகத்துக்கு மாறுகிறார்களா என்று இன்றே குறித்துக் கொடுக்க வேண்டும். தாளில் இரண்டே கட்டங்கள் இருந்தன. சேருகிறேன். சேரவில்லை.

லோதார் பேனாவைத் திறந்தார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது கட்டத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டார். மகளுக்கு எதிராக அவர் போட்ட முதல் குறி. அதனால் இனி எதுவும் மாறப்போவதில்லை.

சில்கே தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அதைக் கவனமாக இரண்டாக மடித்து, அலுவலகப் பெண்ணின் கையிலிருந்த கட்டுக்குள், மற்றத் தாள்களுக்கு நடுவே செருகினாள்.